பதிப்பகம் இல்லாமல் எழுத்தாளர் ஆகலாமா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

“உங்கள் படைப்பை எங்கள் ஆசிரியர் குழு தேர்வு செய்திருக்கிறது. வாழ்த்துகள்!”

இப்படி ஒரு மெயில் வந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது. இரண்டு வருஷமாக ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் லேப்டாப்பில் தட்டித் தட்டி முடித்த நாவல். நாலு பதிப்பகங்களுக்கு அனுப்பியாயிற்று. மூன்றிலிருந்து பதிலே இல்லை. நாலாவது, “அடுத்த புத்தகக் காட்சிக்குப் பார்க்கலாம்” என்றது. இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் ‘சரி’ என்கிறார்.

மெயிலைக் கொஞ்சம் கீழே ஸ்க்ரோல் செய்தால் ஓர் அட்டவணை தெரியும். சில்வர், கோல்டு, பிளாட்டினம். கோல்டு எடுத்தால் ஐஎஸ்பிஎன் எண்ணும் அட்டைப்படமும். பிளாட்டினம் எடுத்தால் ‘சர்வதேச விற்பனை’யும் ஒரு விருதும். தொகை ஐந்து இலக்கம். கட்ட வேண்டியவர் எழுதியவர்.

தப்பா இது? சட்டப்படி தப்பில்லை. ஆனால் இதற்குப் பெயர் ‘தேர்வு’ அல்ல, விற்பனை. இங்கே வாடிக்கையாளர் வாசகர் இல்லை, எழுதியவர்தான்.

பதிப்பகம் என்ற பழைய வாசலைத் தாண்டி எழுத்தைத் தொழிலாக்க நினைக்கும் யாருக்கும் முதல் கேள்வி இதுதான்: காசு எந்தப் பக்கம் போகிறது? பதிப்பகம் செலவு செய்து, விற்றதில் உங்களுக்குப் பங்கு கொடுத்தால் அது மரபான பதிப்பு. நீங்களே செலவு செய்து, நீங்களே விற்று, லாபமும் நஷ்டமும் உங்களுடையதாக இருந்தால் அது சுயபதிப்பு. நீங்கள் செலவு செய்து, உரிமையையும் விற்பனையையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, வருஷக் கடைசியில் கணக்குக் கேட்டு மெயில் போட்டுக்கொண்டிருந்தால், அது மூன்றாவது வகை. மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

ஒரு சின்ன தகவல். மேலே சொன்ன ‘கோல்டு’ பேக்கேஜில் வரும் ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகவே தருகிறது. தனிநபரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் பெயரில் ஒரு நிறுவனம் எண்ணை எடுத்தால், பதிவேட்டில் பதிப்பாளராக இருக்கப்போவது அந்த நிறுவனம்தான்.

கடையத்திலிருந்து ஒரு க்ரவுட் ஃபண்டிங்

சுயபதிப்பு என்றதும் கிண்டில், ஆப் என்றெல்லாம் தோன்றும். தமிழில் இது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய கதை.

1920-ல் கடையத்தில் இருந்த பாரதியார், தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் போட ஒரு திட்டம் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள். அச்சுச் செலவுக்கு நண்பர்கள் கடன் தர வேண்டும், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று சுற்றறிக்கையே அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தன் புத்தகம் போகும் என்று நம்பினார். இன்றைய பாஷையில் சொன்னால் பக்காவான க்ரவுட் ஃபண்டிங் பிட்ச். பணம் சேரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

அதே காலகட்டத்தில் இன்னொருவருக்கு இது கைகூடியது. வை.மு. கோதைநாயகி. பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 1925-ல், நின்றுபோகும் நிலையில் இருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை வாங்கி, அதில் தன் நாவலைத் தானே தொடராகப் போட ஆரம்பித்தார். பின்னாளில் சொந்த அச்சகமும் வைத்தார். எழுதிய நாவல்கள் 115. எந்த ஆசிரியரின் அறை வாசலிலும் அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தளம், உள்ளடக்கம், சந்தாதாரர் பட்டியல் மூன்றும் ஒரே கையில். இன்றைக்கு ‘கிரியேட்டர் எகானமி’ என்று ஸ்லைடு போட்டு விளக்குகிறார்களே, அது திருவல்லிக்கேணியில் அப்போதே நடந்தது.

சி.சு. செல்லப்பா இன்னொரு வகை. 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். தான் போட்ட புத்தகங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ‘சுதந்திர தாகம்’ நாவலையும் 1997-ல் தானே வெளியிட்டார். அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது 2001-ல். அவர் 1998-லேயே காலமாகிவிட்டார்.

மூவருமே பதிப்பகத்தைத் தாண்டியவர்கள்தான். ஆனால் பதிப்பகத்தின் வேலையைத் தாண்ட யாராலும் முடியவில்லை. பணம் திரட்டுவது, அச்சிடுவது, தூக்கிக்கொண்டு போய் விற்பது எல்லாம் எழுதியவர் தலையில்தான் விழுந்தது. இன்றைக்கும் அப்படித்தான். சுமை மட்டும் ஜோல்னாப்பையிலிருந்து போனுக்கு மாறியிருக்கிறது.

லிங்க் மூன்று நாளில் நீக்கப்படும்

இன்று தமிழில் பதிப்பகத்துக்கு வெளியே சுறுசுறுப்பாக இயங்கும் எழுத்துச் சந்தை எது? இலக்கியக் கூட்டங்களில் தேடினால் கிடைக்காது. குடும்பக் கதை, காதல் கதை எழுதும் ஆன்லைன் நாவலாசிரியர்களிடம் இருக்கிறது. பெரும்பாலும் பெண்கள். வேலை, சமையல், பிள்ளைகளின் ஹோம்வொர்க் எல்லாம் முடிந்தபிறகு போனிலேயே அத்தியாயம் டைப் செய்பவர்கள் இவர்களில் நிறைய பேர்.

நடைமுறை இப்படி இருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயங்கள், வாசகர்கள் இலவசமாகப் படிக்கும் இடத்தில் தொடராக வரும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே சண்டை நடக்கும். “ஹீரோவை மன்னிக்காதீங்க சிஸ்”, “அந்த மாமியாருக்கு ஒரு முடிவு கட்டுங்க”. ஒருநாள் தாமதமானால் “யூடி எப்போ?” என்று கேள்வி. கதை முடிந்ததும் ஒரு அறிவிப்பு வரும்: ‘லிங்க் இன்னும் மூன்று நாளில் நீக்கப்படும், படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்.’ அப்புறம் அதே கதை கிண்டிலில் ஏறும். ஓடினால், நூலகங்களுக்கும் வாடகைப் புத்தகக் கடைகளுக்கும் போகும் அச்சுப் பதிப்பாகவும் வரும்.

அந்த ‘மூன்று நாள்’ எதற்கு? அங்கேதான் விதி இருக்கிறது.

அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்பட ஐந்து இந்திய மொழிகளைக் கிண்டிலில் கொண்டுவந்தது. எழுதியவர் நேரடியாகப் புத்தகம் ஏற்றும் தளம் கேடிபி. அதில் ‘கேடிபி செலக்ட்’ என்றொரு திட்டம். சேர்ந்தால் புத்தகம் ‘கிண்டில் அன்லிமிடெட்’ சந்தாதாரர்களுக்குக் கிடைக்கும், அவர்கள் படிக்கும் பக்கங்களுக்கு ஏற்ப உங்களுக்குப் பணம் வரும். ஆனால் சேர்ந்திருக்கும் 90 நாட்களுக்கு அந்தப் புத்தகம் டிஜிட்டலில் வேறெங்கும் இருக்கக் கூடாது. காசுக்கும் கூடாது, இலவசமாகவும் கூடாது. சுமார் 10% வரை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும், நீங்கள் போய் டிக்கை எடுக்காவிட்டால், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ப்ளாகில் பழைய அத்தியாயங்களை மறந்துவிட்டு எச்சரிக்கை மெயில் வாங்குவது புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

மறுபக்கம் பிரதிலிபி. 2014-ல் பெங்களூருவில் தொடங்கியது. இந்திய மொழிகளுக்கான தளம். முதலில் எல்லாமே இலவசம். பிறகு வாசகர் காயின் கொடுப்பது, விருப்பமான எழுத்தாளருக்குச் சந்தா கட்டுவது, அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே திறப்பது என்று பணம் உள்ளே வந்தது. 2021-ல் தென்கொரியாவின் கிராஃப்டன், அதாவது பப்ஜி கேம்காரர்கள், இதில் முதலீடு செய்தார்கள். கேம் கம்பெனிக்குக் கதை எதற்கு? ஓடுகிற கதை ஆடியோ ஆகலாம், காமிக்ஸ் ஆகலாம், சீரியல் ஆகலாம். எழுத்தை விட, எழுத்திலிருந்து கிளைக்கும் மற்ற உரிமைகள்தான் அவர்கள் கண்ணில் பட்டது.

சரி, காசு வருமா?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ₹250 விலையுள்ள அச்சுப் புத்தகம். தமிழில் வழக்கமாகப் பேசப்படும் ராயல்டி 10%. ஒரு பிரதிக்கு ₹25. 500 பிரதி விற்றால் ₹12,500. தமிழில் புதியவர் ஒருவரின் முதல் பதிப்பு 500 பிரதி விற்பதே நல்ல செய்தி.

அதே கதையை ₹100-க்கு மின்நூலாக வைத்தால், கேடிபியில் இரண்டு விகிதங்கள்: 35% அல்லது 70%. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70% வேண்டுமென்றால் செலக்ட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். அதிலும் கோப்பின் அளவுக்கேற்ப ஒரு டெலிவரி கட்டணம் கழியும். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் 35%-ல் ஒரு பிரதிக்கு ₹35. 500 பிரதிக்கு ₹17,500. அச்சு ராயல்டியை விடக் கூடுதல்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது திருப்பிப் போடுங்கள். மாதம் ₹25,000 சம்பளம் மாதிரி வர வேண்டுமென்றால், ₹35 வீதம் சுமார் 715 பிரதி விற்க வேண்டும். வருஷத்துக்கு அல்ல, மாதா மாதம். பக்கக் கணக்கில் வரும் பணம் பைசாக்களில். அந்த விகிதமும் மாதத்துக்கு மாதம் மாறும். விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் அக்கவுன்டுக்கு வரும். வாடகை அப்படிக் காத்திருக்காது.

சொந்தமாக அச்சடித்து விற்றால்? அதே ₹250 புத்தகம். கடைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு போனால் மிச்சம் சுமார் ₹167. அச்சுக்கூலி பிரதிக்கு ₹90 என்று வைத்துக்கொண்டால் கையில் ₹77. அதற்குள்தான் பிழை திருத்தியவர், அட்டை வரைந்தவர், கூரியர், ஓசியில் கொடுத்த 40 பிரதி எல்லாம். புத்தகக் கடைகள் பெரும்பாலும் விற்ற பிறகுதான் பணம் தரும். வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாலு பெட்டி இருக்கும். அம்மா தினமும் கேட்பார். ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ வந்த பிறகு இந்தக் கட்டிலடிப் பிரச்சினை குறைந்திருக்கிறது. ஆர்டர் வந்தால் மட்டும் அச்சடிப்பார்கள். ஆனால் ஒரு பிரதியின் செலவு அதில் கூடுதல், விலையும் ஏறும்.

இப்படிப் பார்த்தால் வேலையை விடலாமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. சுஜாதா பெங்களூரு பெல் நிறுவனத்தில் இன்ஜினீயர். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். இமையம் பள்ளி ஆசிரியர். பெருமாள்முருகன் கல்லூரி ஆசிரியர். ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர். பதிப்பகம் இருந்தவர்களுக்கே தமிழில் சம்பளம் வேறு எங்கிருந்தோதான் வந்தது. பதிப்பகம் இல்லாதவர் ராஜினாமா கடிதத்தை டிராஃப்டிலேயே வைத்திருப்பது நல்லது.

எழுத்தையே நம்பி வாழ்பவர்களைக் கவனித்தால் அவர்களுக்கு ஒரு வருமானம் இருக்காது, ஆறேழு இருக்கும். பின்னணியில் திரைக்கதை, சீரியல் வசனம், மொழிபெயர்ப்பு, ஆடியோ ஆப்களுக்குத் தொடர், கம்பெனிகளுக்கு விளம்பர எழுத்து. பா. ராகவன் 2022-ல் ‘மெட்ராஸ் பேப்பர்’ என்ற சந்தா வார இதழை இணையத்தில் தொடங்கினார். எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளும் நடத்துகிறார். புத்தகம் இவர்களுக்கெல்லாம் விசிட்டிங் கார்டு மாதிரி. காசு கார்டில் இல்லை, கார்டைப் பார்த்து வருகிற போன் காலில் இருக்கிறது.

இலவசமாகக் கொடுத்தால் யார் வாங்குவார்?

இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஜெயமோகன் 2014 ஜனவரி 1-ம் தேதி தன் தளத்தில் ‘வெண்முரசு’ எழுதத் தொடங்கினார். தினமும் ஓர் அத்தியாயம், இலவசமாக. 2020 ஜூலையில் முடிந்தபோது 26 நாவல்கள். இணையத்தில் இன்னமும் படிக்கலாம். அதே நாவல்கள் கெட்டி அட்டைப் புத்தகங்களாகவும் விற்றன. படித்து முடித்தவர்களே அலமாரியில் வைக்க வாங்கினார்கள்.

ஆனால் இதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. வெண்முரசு தொடங்கும்போதே அவர் பிரபலம். முன்பின் தெரியாத ஒருவர் இலவசமாகப் போட்டால் முதல் ஆறு மாதம் படிப்பது நண்பர்கள் நாலு பேர், அதில் இருவர் லைக் மட்டும் போடுவார்கள். அங்கே இலவசம் என்பது விலை இல்லை, விளம்பரச் செலவு. அமிஷ் திரிபாதி செய்தது அதுதான். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய ‘தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலுஹா’ 2010-ல் ஏறக்குறைய சொந்த முயற்சியில் வெளிவந்தபோது, முதல் அத்தியாயத்தை மட்டும் தனியே அச்சடித்துப் புத்தகக் கடைகளில் இலவசமாக வைத்தார். அப்போது அவர் நிதித் துறையில் வேலையில் இருந்தவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஓடியதும் வெஸ்ட்லேண்ட் என்ற பெரிய பதிப்பகம் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டது. வெஸ்ட்லேண்டின் கதை கொஞ்ச நேரத்தில் வருகிறது.

காசே வேண்டாம், வாசகர் போதும் என்பவர்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மாதிரி தளங்கள் உண்டு. 2013 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில் தமிழ் மின்நூல்களை வெளியிடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்த பதிப்பைப் பிறகு திரும்பப் பெற முடியாது. நாளைக்குக் கிண்டிலில் தனி உரிமையாகப் போடலாம் என்ற யோசனை இருந்தால் இன்றைக்கே யோசித்துவிட வேண்டும்.

பதிப்பகம் செய்த வேலையை யார் செய்வது?

எடிட்டிங். ‘நானே நாலு தடவை படிச்சுட்டேன்’ என்பது எடிட்டிங் இல்லை. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. தமிழ் வாசகர் கதையில் ஓட்டை இருந்தால்கூட மன்னிப்பார், வலி மிகும் இடத்தில் ஒற்று இல்லையென்றால் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போவார். ஒரு பிழை திருத்துநருக்கும் நல்ல அட்டைப்படத்துக்கும் செலவு செய்யப் பணம் இருந்தால் அங்கே செய்யுங்கள். பிளாட்டினம் பேக்கேஜ் விருதுக்கு வேண்டாம்.

பலர் பின்னால் வருத்தப்படும் சமாச்சாரம் ஒன்று உண்டு. அது கோப்பு. அச்சுக்குப் போகும் தமிழ்ப் புத்தகங்கள் பல இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் லே-அவுட் ஆகின்றன. மூன்று முறை மெய்ப்புப் பார்த்துத் திருத்திய வாசகங்கள் எல்லாம் டிடிபி கடையின் அந்தக் கோப்பிலேயே தங்கிவிடும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது திருத்தாத முதல் வரைவு. ஐந்து வருஷம் கழித்து மின்நூல் போடலாம் என்றால், கடை மூடியிருக்கும், இல்லாவிட்டால் கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். திரும்ப முழுசாக டைப் அடித்தவர்கள் உண்டு. அச்சுக்குப் போன இறுதி வடிவம் யூனிகோடில் உங்கள் மெயிலுக்கு வந்த பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.

கையெழுத்துதான் சொத்து

எழுதியவருக்கு எழுதிய நொடியிலேயே காப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதிவு செய்துகொண்டால் வழக்கு என்று வரும்போது கையில் ஒரு ஆதாரம், அவ்வளவுதான். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் ₹500. உரிமை எழுதியவர் ஆயுள் முழுதும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும்.

1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது எந்தப் பேக்கேஜையும் விட மதிப்பானது. உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, என்ன ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லையா? ஐந்து ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடவில்லையா? இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லையா? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அந்த உரிமை மாற்றம் காலாவதி. 2012-ல் வந்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: ஒப்பந்தம் போடும்போது நடைமுறையிலேயே இல்லாத ஊடகத்துக்கு, தனியே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர, உரிமை மாறாது.

சட்டம் எழுதியவர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்தப் பாதுகாப்புகளில் பல ‘குறிப்பிடாவிட்டால்’ என்று தொடங்குகின்றன. விவரம் தெரிந்த நிறுவனம் எல்லாவற்றையும் குறிப்பிட்டுவிடும். ‘உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும், இன்றுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்’ என்று ஒரே வரி. ஆப்களில் ‘ஐ அக்ரி’ பொத்தானுக்கு மேலேயும் இப்படிப்பட்ட வரிகள் இருக்கலாம். படிக்காமல் தட்டுவது நம் பழக்கம்.

அந்த வரியின் விலை என்ன என்பதற்கு மறுபடியும் பாரதியிடமே போகலாம். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1931-ல், செல்லம்மாள் நூல் உரிமையை 4,000 ரூபாய்க்குக் கொடுத்தார். வாங்கியது குடும்பத்தாரும் நண்பரும் நடத்திய பாரதி பிரசுராலயம். பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை தனியாக ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டது. 1940-களில் அது ஏவி. மெய்யப்ப செட்டியார் கைக்கு வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1949-ல் ஓமந்தூரார் அரசு உரிமைகளைப் பெற்றுப் பொதுவாக்கிய பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. புத்தகம் ஒரு உரிமை, பாட்டு ஒரு உரிமை, ரேடியோ ஒரு உரிமை, சினிமா ஒரு உரிமை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்க முடியும் என்பதை வியாபாரிகள் அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்கள்.

எழுதியவரும் அதைத் தெரிந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹ்யூ ஹோவி உதாரணம். ‘வூல்’ கதையைத் தானே கிண்டிலில் போட்டு விற்றவர். பெரிய பதிப்பகங்கள் தேடி வந்தன. 2012-ல் சைமன் அண்ட் ஷூஸ்டருக்கு அச்சு உரிமையை மட்டும் கொடுத்தார். மின்நூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அந்தப் பேரம் படியாது. ஆனால் ஆடியோ உரிமையும் திரைப்பட உரிமையும் இந்த ஒப்பந்தத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தகுதி உண்டு. கேட்டால் பல நேரம் எடுத்துவிடுகிறார்கள்.

வீடு யாருடையது?

வெஸ்ட்லேண்டுக்கு வருவோம். டாடா குழுமத்திடமிருந்து 2016-ல் அமேசான் வாங்கிய இந்தியப் பதிப்பகம் அது. 2022 பிப்ரவரியில், மூடப்போகிறோம் என்று ஒரே அறிவிப்பு. உலகத்தின் மிகப்பெரிய புத்தக வியாபாரியின் சொந்தப் பதிப்பகம். எழுத்தாளர்கள் தங்கள் புத்தகங்களைக் கடைகளிலிருந்து வாங்கிச் சேமிக்கச் சொல்லி வாசகர்களிடம் கேட்டார்கள். அந்த வருஷமே ஏப்ரலில் அந்தக் குழுவை அழைத்து வேலையைத் தொடரச் செய்தது யார் தெரியுமா? பிரதிலிபி. ஒரு கதை ஆப்.

பதிப்பகம் பத்திரமானது, ஆப் ஆபத்தானது என்றோ, இல்லை அதற்கு நேர்மாறாகவோ முடிவு கட்ட இந்தக் கதை உதவாது. இரண்டுமே வாடகை வீடுதான். கட்டண விகிதம் மாறும், அல்காரிதம் மாறும், கம்பெனி கை மாறும். 2009-ல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது ஆரம்பகாலத் தமிழ் இணையப் பக்கங்கள் எத்தனையோ அதோடு போயின.

அதனால் ஆன்லைனில் நீண்டநாள் தாக்குப்பிடித்தவர்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்கிறார்கள். எந்தத் தளத்தில் எழுதினாலும் வாசகரை நேரடியாகத் தொடும் ஒரு கயிற்றைக் கையில் வைத்திருப்பார்கள். அது மெயில் பட்டியலாக இருக்கலாம், வாட்ஸ்அப் சேனலாக இருக்கலாம், சொந்த டொமைனில் ஓர் எளிய தளமாக இருக்கலாம். ஃபாலோயர் எண்ணிக்கை தளத்துடையது. முகவரிப் பட்டியல்தான் உங்களுடையது. கோதைநாயகியிடம் இருந்தது அதுதான், பேரேட்டில் எழுதிய சந்தாதாரர் முகவரிகள்.

திருட்டு பிடிஎஃப் பற்றிக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. கிண்டிலில் ஏறிய சில நாட்களில் டெலிகிராம் குழுவில் வந்துவிடுகிறது. புகார் கொடுத்தால் ஒரு குழு மூடும், இன்னொன்று திறக்கும். முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. புகார் கொடுப்பதை நிறுத்தாமல், அடுத்த கதையை எழுதுகிறார்கள்.

கடைசியாக, இந்தச் செய்தியைப் படிக்கும் சிலருக்கு எழுதும் ஆசை இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு எழுத்தாளர் இருந்திருக்கலாம். தாத்தாவோ அத்தையோ எழுதி, எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஒரு சின்ன பதிப்பகத்தில் வந்து, இப்போது எங்குமே கிடைக்காத புத்தகம். அந்தத் தலைமுறையில் வாய்ப்பேச்சிலேயே புத்தகம் போடுவது சகஜம். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் அன்றைய சட்டத்திலும் செல்லாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் ஆகவில்லை என்றால் அந்த உரிமை இன்னும் வாரிசுகளிடம் இருக்க வாய்ப்பு அதிகம். பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, ஒப்பந்தம் என்று ஏதாவது காகிதம் இருக்கிறதா, அதில் என்னென்ன உரிமை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கரையான் அரிக்காத ஒரு பிரதியைத் தேடி ஸ்கேன் எடுத்து வையுங்கள்.